டிஸ்ப்ளே கார்டில் இரண்டு கண்கள்

இறந்துபோனவர்களின் கண்களைத் திறந்துவைப்பது எங்கள் கடையில் சாதாரண வேலை. கேட்டால் பயங்கரமாக இருக்கும். ஸ்ரீராம்புரத்தில் ஒரு ஸ்டுடியோவை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்று தெரியும். யாராவது இறந்துவிட்டால் பிணத்தை எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும். அதற்குப் போட்டோ வேண்டும். கூலிக்குப் போகிற வீடுகளில் அப்போதெல்லாம் பெண்களுக்கென்று தனியாகப் போட்டோ இருக்காது. கல்யாணப் படத்தில் தலை குனிந்திருப்பாள். மற்ற படங்களில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம் தெரியும். கடைசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பிணத்தையே படம் எடுக்கச் சொல்வார்கள். கண்ணை மட்டும் திறந்து கொடுத்துவிடுங்கள் என்பார்கள்.

அவர் படம் எடுப்பார். நான் கணினியில் உட்காருவேன். மூக்கில் வைத்த பஞ்சை அழிப்பேன், தாடையைக் கட்டியிருக்கும் துணியை அழிப்பேன், நல்ல சேலை ஒன்றைக் கழுத்துக்குக் கீழே பொருத்துவேன். கண்ணுக்கு மட்டும் தனி ஏற்பாடு. ஆண் கண் ஒரு ஜோடி, பெண் கண் ஒரு ஜோடி கணினியிலேயே வைத்திருந்தோம். அவர் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்தவை. எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை. காய்கறி எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்தப் பெண் கண்கள் எனக்கு மனப்பாடம். வலது கண்ணைவிட இடது கண் கொஞ்சம் சிறியது. நேராகப் பார்க்கும். படத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, கடுகைவிடச் சிறிதாக ஒரு பழுப்பு மச்சம் இருந்தது. அதை அழித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது இருந்தால்தான் உயிருள்ள கண்ணாகத் தெரிகிறது என்றார். அந்தக் கண்களோடு எத்தனையோ பெண்கள் எங்கள் கடையிலிருந்து போயிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்ததும் அழுவார்கள். அப்படியே இருக்கிறாளே என்பார்கள். இது அவள் கண் இல்லையே என்று ஒரு வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை. இந்த வேலையைத் தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. மூடிய கண்ணோடு ஒரு படத்தை வீட்டில் மாட்டி வைத்துக்கொண்டு யாரால் சோறு தின்ன முடியும்?

ஒரு கோடை மழையில் இடி இடித்து எங்கள் பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. கடனோ உடனோ வாங்கிப் புதிது ஒன்றை வைத்தோம். பழைய பெட்டிக்குள் பழுதாகாமல் மிஞ்சியது டிஸ்ப்ளே கார்டு ஒன்றுதான். திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தேடிப்பிடித்து வாங்கியது. பட வேலை முழுக்க அதன் வழியாகத்தான் நடந்திருக்கிறது. புதிய கணினியில் அதைவிட நல்ல கார்டு இருந்ததால் இதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, நானே கணினிச் சாமான் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே பழைய சாமான் வாங்குகிற ஒருவன் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊதினான். அதன் மேல் குங்குமக் கறை இருந்தது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் கணினிக்கு வெளியே பொட்டு வைப்பார்கள், என் வீட்டுக்காரருக்குப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தால்தான் திருப்தி. அவன் அந்தக் கறையைக் காட்டி, பூஜை ரூமிலேயே வைத்துக் கும்பிடுங்கள், இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள் என்று கன்னடத்தில் கிண்டல் செய்தான். அவன் சொன்ன விலைக்கு ஒரு வேளை சாப்பாடுகூட வராது. உன் நாக்குக்கும் பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று அதே கன்னடத்தில் சொல்லிவிட்டு கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக் கண்ணாடிக் கதவில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ஒருவர் வந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், சிரித்த முகம். முன்பு எங்களுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு ஈஜிபுரா போய்விட்டார். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களைவிடக் கார் ஓட்டுவது, சுடுவது என்று விளையாட வருகிற பையன்கள்தான் அதிகம் என்றும், ஒரு கணினியில் விளையாட்டு சரியாக ஓடாமல் திணறுகிறது என்றும் சொன்னார். எங்கள் கணினியிலேயே கார்டைப் பொருத்திக் காட்டினோம். பளிச்சென்று வந்தது. பேரம்கூடப் பேசவில்லை. கார்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, மனைவிக்கு இதயத்தில் வால்வு ஆபரேஷன் செய்யப் பெரியாஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றார். அந்த நாட்களில் கடையை நண்பன் ஒருவன் பார்த்துக்கொள்வான், அதற்குள் எல்லாக் கணினியும் சரியாக ஓட வேண்டும் என்றார். நல்லபடியாக முடியும் என்று நான் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

நான்கைந்து நாளில் கடைக்குப் போன் வந்தது. கார்டு ஓடவில்லையா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். விற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும்.

"கார்டு நல்லா ஓடுதுக்கா. அது ஒண்ணும் பேஜார் இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுல யாரோ பாக்கறாங்க."

பகல் வேளையில் குடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவரே வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இந்தக் கார்டை வைத்து என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கண்ணீர் அஞ்சலி என்றேன். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். விளையாட்டைத் தொடங்கும்போது, முதல் படம் வருவதற்கு முன்னால், திரை கட்டம் கட்டமாக உடைகிறது. அந்தக் கட்டங்களுக்கு நடுவில் இரண்டு கண்கள் தெரிகின்றன. அவை அவருடைய மனைவியின் கண்கள். தினமும் பார்க்கிறார். சாவு போஸ்டர் அடித்த கார்டில் அவள் ஏன் தெரிய வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்றுதான் இதற்கு அர்த்தம். அதனால் கொடுத்த தேதியை அவர் ரத்து செய்துவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போடக் கூடாது, அடுத்த முறை மூச்சுத் திணறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருப்பதையும் அவரே சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பைத்தியமா உனக்கு என்று ஒருமையிலேயே கேட்டுவிட்டேன். நீங்களே வந்து ஒருமுறை பாருங்கள், பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்றார். சரி, முகத்துக்கு நேராக நிரூபித்துவிட்டு வரலாம் என்று மறுநாளே மெஜஸ்டிக்கில் பஸ் மாறி ஈஜிபுரா போனேன்.

கடை சின்னது. நாலு கணினி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் வீடு. வெளியே வெயில் கொளுத்துகிறது, பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடிக்கிறது, பேய் பிசாசுக்கு இடமே இல்லாத நேரம். அவர் கணினியைப் போட்டார். விளையாட்டைத் தொடங்கினார். திரை கறுத்தது. பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் சிதறின. சூடேறிய பழைய கார்டு செய்கிற வேலைதான், இதைப் போய்ப் பெரிதாக்கினாயே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கட்டங்களுக்கு நடுவில் கண்கள் இருந்தன. இடது கண் கொஞ்சம் சிறியது. வெள்ளையில், மூக்குப் பக்கமாக, மச்சம். நான் எத்தனையோ முகங்களில் என் கையால் ஒட்டிய கண்கள். மூன்று மூச்சு விடும் நேரம் என்னைப் பார்த்தன. பிறகு ரேஸ் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது.

அவை எங்கள் கடைக் கண்கள், உன் மனைவியுடையவை இல்லை என்று சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. அப்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவருடைய மனைவி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். மெலிந்த பெண், நாலு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. தம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கண்கள் இமைத்தன. அதற்குமுன் அவை இமைத்து நான் பார்த்ததே இல்லை. மச்சம் அதே இடத்தில் இருந்தது. வாங்கக்கா, உட்காருங்க என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைச் சுற்றி மாலையைத் தேடிக்கொண்டிருந்தேன். வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

கடைக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். பெண் கண் யாருடையது என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கார்மென்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்த ஒரு பெண்ணுடையது என்றார். பல வருஷம் ஆகிறது, நான் அன்று கடையில் இல்லை. எல்லோரும் கேமராவைப் பார்க்கச் சொன்னால் மிரளுவார்கள், அந்தப் பெண் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாளாம். இரண்டு பக்கமும் வெளிச்சம் சரியாக விழுந்ததாம். தூக்கிப்போட மனசு வராமல் கண்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாராம். அவள் கல்யாணமாகி ஈஜிபுராவில் இருக்கிறாள், வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறாள் என்று நான் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

கார்டில் எப்படித் தெரியும் என்பதுதான் புரியவில்லை. மானத்தை விட்டு அந்த எஸ்.பி. ரோட்டு ஆளிடமே போன் செய்து கேட்டேன். கார்டுக்கு நினைவெல்லாம் கிடையாது, கரண்ட் போனால் அதிலிருந்தது எல்லாம் போய்விடும் என்று அவன் சொன்னான். நான் எனக்கே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மனைவி போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தவருக்குக் கட்டங்களில் மனைவியின் கண் தெரிந்தது. அதே கண்களைப் பல வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கும் அதுவே தெரிந்தது. ஆனால் மச்சம் எப்படி? இதற்கு மேல் யோசித்தால் ராத்திரி தூங்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அவள் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும், தேதியைத் திரும்ப வாங்கிவிடுவார் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். உயிரோடு இருக்கிறவளின் கண்ணைப் பிணத்துக்கெல்லாம் வைத்தோம் என்று சொன்னால் அந்த மனுஷன் இன்னும் மிரண்டுபோவான், ஆபரேஷனுக்குச் சாகும்வரை சம்மதிக்க மாட்டான் என்றார். அதுவும் சரிதான். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் அவள் மூச்சு என்றைக்கு நிற்குமோ தெரியாது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் எரிந்து எரிந்து விழுந்தேன். பிறகு தோன்றியது: உயிர் அவளுடையது, கண்ணும் அவளுடையது, இவர்கள் இரண்டு ஆண்களும் யார் நடுவில்?

அவள் கணவர் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து ஈஜிபுரா போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தேதி ரத்தானது எப்படி என்பதிலிருந்து, போட்டோவில் பஞ்சை அழிப்பதுவரை எதையும் விடவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு எழுந்து வெளியே வந்து, அந்தக் கணினியைப் போடத் தெரியுமா என்று கேட்டாள். போட்டேன். திரை கறுத்தது, கட்டங்கள் சிதறின. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"கட்டம் கட்டமாத்தான் தெரியுதுக்கா. வேற ஒண்ணும் இல்ல," என்றாள்.

நான் திரும்பவும் பார்த்தேன். அவள் தோளுக்கு மேலாக அவள் கண்கள் திரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கணினியை அணைத்துவிட்டேன்.

எத்தனை பேருக்கு என்று கேட்டாள். கணக்கு வைக்கவில்லை என்றேன். ஒரு படத்தையாவது காட்டுங்கள், பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன் என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆட்டோ பிடித்து ஸ்ரீராம்புரத்துக்குக் கூட்டிவந்தேன். ரயில் பாதைப் பக்கம் உள்ள ஒரு சந்தில், கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை செய்கிற ஒருவரின் வீடு. அவர் மனைவி காய்ச்சலில் போனபோது பெண் குழந்தைக்குப் பேச்சுகூடச் சரியாக வந்திருக்கவில்லை. போஸ்டருக்குப் போட்ட படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிப் போனார்கள். வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். படம் மங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தோம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தோடு போய்விட்டார்.

ஜன்னல் இல்லாத அறை. சுவரில் படம், பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பு பல்பு. அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் கதவோரமாக நின்றேன். ஒரே ஜோடிக் கண்கள் சுவரிலிருந்தும் எதிரிலிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்தன. உயிரோடு இருப்பவள்தான் முதலில் இமைத்தாள். இவ்வளவு வருஷத்தில் என் வேலையைப் பற்றி எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண். பையைக் கழற்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் திரும்பினாள்.

"நீங்க எங்கம்மா மாதிரியே பாக்கறீங்க," என்றது குழந்தை.

நான் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, அது என் கண்தான், உங்கம்மாவுக்குக் கொடுத்தேன் என்று சொன்னாள். குழந்தை அதில் ஆச்சரியப்படவில்லை. அருகில் போய் அவள் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, மச்சத்தைக் கண்டுபிடித்தது. நீங்க ஏன் இப்படி மூச்சு விடுறீங்க என்று கேட்டது. உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் பெரியவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னாள். குழந்தை திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தது.

"நீங்க செத்துட்டா எங்கம்மா கண்ண மூடிக்குவாங்களா?"

தெருவில் குடங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குழந்தையின் தலையில் கை வைத்தாள். "மூட மாட்டாங்க. நான் போறேன் ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

ஆட்டோவிலேயே ஈஜிபுராவில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய கார்டை மேசையில் வைத்தார். என் வீட்டுக்காரர் பணத்தை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன், முடிந்ததும் உங்கள் கடைக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள், அந்தக் குழந்தைக்கும் கிழமையைச் சொல்லிவிட வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமலே போனார். கிழமையை நான் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் தாங்க முடியாமல், போன் வந்தால் வந்து சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

குழந்தை பள்ளிக்கூடம் போகவில்லை. படத்துக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது, சோறுகூடத் திரும்பிப் பார்க்காமலே தின்றது, யாராவது மந்திரித்துவிட்டார்களா என்று அத்தை என்னிடம் புலம்பினார். நான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா துணைக்குத்தான் உட்கார்ந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நானும் இமைக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒட்டிய கண்கள். எந்தக் கோட்டில் ஒட்டினேன், இமையின் நிழலை எங்கே கறுப்பாக்கினேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போனது.

சிவப்பு பல்பு அணைந்தது. வெளியே வானம் மழைக்கு மூடியிருந்தது, சந்தின் வெளிச்சம் வாசற்படியோடு நின்றுவிட்டது. சுவரில் சட்டம் இருப்பது தெரிந்தது, உள்ளே முகம் தெரியவில்லை. குழந்தை என் கையைப் பிடித்தது.

"தெரியலையே," என்றது.

இந்தக் கரண்ட் தெருவில் தினமும் போகிற கரண்ட்தான். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் எழுந்து ஓடினேன். அடுப்பு மேடையில் தடவினேன், பாத்திரம் ஒன்று உருண்டது, தீப்பெட்டி கிடைக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அத்தையை அதட்டினேன். அவர் பயந்துபோய்த் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். முதல் குச்சி நமத்துப்போயிருந்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவது பற்றியதும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சட்டத்துக்குப் பக்கத்தில் போனேன்.

குச்சி என் விரல்வரை எரிந்தது. இன்னொன்று கிழித்தேன். குழந்தை கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தது. அது அணைந்ததும் இன்னொன்று கிழித்தேன். எத்தனை குச்சி கிழித்தேன் என்று தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே ஓடி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

"போன் வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம், பொழச்சுட்டாளாம்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். குழந்தை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றது. "பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க."